விருந்தாளிகளுக்குச் சமைத்துவிட்டு நாமும் கூட உட்கார்ந்து சாப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

வந்தவர்கள் கைகழுவிவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். நான் இன்னும் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன். முதல்முறை எட்டுப் பேரைச் சாப்பிடக் கூப்பிட்ட அன்று நடந்தது இது. ஏழு வகை செய்வதாகத் திட்டம். அதில் இரண்டு அன்றுவரை நான் செய்தே பார்க்காதவை. சோறு மேலே நறுக்கரிசியாகவும் அடியில் தீய்ந்தும் வந்தது. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே நான் சாப்பிட்டேன். கிளம்பும்போது தோழி ஒருத்தி சொன்னாள்: “சாப்பாடெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. உன்கூட ரெண்டு வார்த்தை பேசத்தான் முடியல.”

சுருக்கென்று இருந்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரே விதிதான். வாசல் மணி அடிக்கும்போது அடுப்படி வேலை முடிந்திருக்க வேண்டும். ஒரே ஒரு பாத்திரம் சிம்மில் இருக்கலாம், அவ்வளவுதான். என்ன சமைப்பது, எப்போது சமைப்பது, எதை விட்டுவிடுவது எல்லாவற்றையும் இந்த விதியை வைத்துத்தான் இப்போது முடிவு செய்கிறேன்.

கணக்குச் சொல்ல வசதியாக ஆறு பெரியவர்கள், இரண்டு குழந்தைகள், இரவுச் சாப்பாடு என்று வைத்துக்கொள்வோம்.

கூப்பிடும்போதே கேட்டுவிடுங்கள்

“என்ன சாப்பிடுவீங்க?” என்று கேட்டால் “எதுவா இருந்தாலும் சரி” என்றுதான் பதில் வரும். கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். “எதெல்லாம் சாப்பிட மாட்டீங்க? எதாவது ஒத்துக்காதா?” இப்படிக் கேட்டால்தான் உண்மை வெளியே வரும். ஒருவர் கறி சாப்பிட மாட்டார், இன்னொருவருக்கு இறால் ஆகாது, ஒரு குழந்தைக்கு வேர்க்கடலை ஒவ்வாமை.

ஒவ்வாமையை மட்டும் “கொஞ்சம்தானே” என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வேர்க்கடலை, முந்திரி, பாதாம் போன்ற பருப்புகள், பால், முட்டை, மீன், இறால், நண்டு, கோதுமை, சோயா, எள் இவைதான் பெரும்பாலும் தொல்லை கொடுப்பவை. கடலை போட்ட பாத்திரத்தில் கிளறிய கரண்டியை அடுத்த பாத்திரத்தில் விட்டாலே சிலருக்குப் போதும், உடம்பு காட்டிவிடும். அப்படி ஒருவர் வருகிறார் என்றால் நான் அந்தப் பொருளை அன்றைக்கு அடுப்படிக்குள்ளேயே கொண்டுவருவதில்லை. தனிக் கரண்டி, தனிப் பாத்திரம் என்று நினைவு வைத்துக்கொண்டு திண்டாடுவதைவிட அது எளிது.

என்ன சமைப்பது: காத்திருக்கும், காத்திருக்காது

உணவு வகைகளை நான் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறேன். சில காத்திருக்கும். கறி சேர்த்த கெட்டிக் குழம்பு, பயறு, சூப், தணலில் மெதுவாக வெந்தவை எல்லாம் இதில் சேரும். முந்தைய நாளே செய்து வைத்தால் இன்னும் ருசி கூடும். எலும்பை ஒட்டிய கறியில் இருக்கும் கொலாஜன் மெதுவாகக் கரைந்து ஜெலட்டினாக மாறுவதால் சாறு கெட்டிப்படும். உப்பும் காரமும் உள்ளே இறங்க நேரமும் கிடைக்கும்.

சில காத்திருக்காது. எண்ணெயில் பொரித்தவை பத்து நிமிடத்தில் நமநமத்துப் போகும். பாஸ்தா ஒட்டிக்கொள்ளும். மீன் வறுவல் ஆறினால் வாடை தூக்கும். இவையெல்லாம் நாலு பேர் அடுப்படியிலேயே நின்று பேசியபடி சாப்பிடும் நாளுக்கு நல்லவை. விருந்துக்கு வேண்டாம்.

ஆகவே என் பட்டியல் எப்போதும் ஒரே அச்சில்தான் இருக்கும். முந்தைய நாள் செய்த ஒரு பெரிய பாத்திரம். கறி சாப்பிடாதவர்களும் வயிறு நிறையச் சாப்பிடும்படி இன்னொரு பாத்திரம். அன்று வடிக்கும் சோறு. அடுப்பே வேண்டாத பச்சைக் காய்கறி ஒன்று. கடைசியில் பழம். இந்த முறை கோழிக் குழம்பு, கொண்டைக்கடலையும் கீரையும், சோறு, வெள்ளரிக்காய்த் தயிர், பழத் தட்டு என்று எடுத்துக்கொள்கிறேன். ஐந்தே வகை. இதற்கு மேல் ஆறாவது ஒன்று செய்யக் கை பரபரக்கும். அடக்கிக்கொள்ளுங்கள்.

புதுச் சமையலை விருந்தாளிகள் மேல் பரீட்சை செய்து பார்க்காதீர்கள். அதற்கு வீட்டு ஆட்கள் இருக்கிறார்கள்.

எவ்வளவு வாங்குவது

கண்ணளவு நாலு பேருக்குச் சரிப்படும். எட்டுப் பேர் என்றால் தராசுதான் நல்லது. சோறே பிரதானம் என்றால் பெரியவருக்கு 100 கிராம் அரிசி, குழந்தைக்கு 50. எட்டுப் பேருக்கு 700 கிராம். வெந்தால் ஏறக்குறைய மூன்று மடங்காகும், அதற்கேற்ற பாத்திரம் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். எலும்போடு கோழி பெரியவருக்கு 200 முதல் 250 கிராம், குழந்தைக்கு அதில் பாதி வீதம் ஒன்றரைக் கிலோ. காய்ந்த கொண்டைக்கடலை 300 கிராம், ஊறி வெந்தால் இரண்டு மடங்குக்கு மேல் வரும். கீரை இரண்டு கை நிறைய வாங்குவதைவிட நாலு கை நிறைய வாங்குங்கள். சட்டியில் போட்டதும் இருந்த இடம் தெரியாமல் சுருங்கும். தயிர் அரைக் கிலோ, வெள்ளரிக்காய் மூன்று.

ஒருவருக்கான அளவைப் பெருக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரிசி, கறி, காய் நேராகப் பெருகும். தண்ணீர், உப்பு, காரம், நேரம் அப்படிப் பெருகாது. தண்ணீர் ஆவியாவது பாத்திரத்தின் வாயகலத்தையும் தீயையும் பொறுத்தது. குழம்பு இரண்டு மடங்கானால் ஆவியாகும் தண்ணீரும் இரண்டு மடங்காகாது. தண்ணீரையும் அப்படியே இரண்டு மடங்கு ஊற்றினால் சளசளவென்று நிற்கும். உப்பும் மிளகாயும் முக்கால் அளவு போட்டுவிட்டு, கடைசியில் ருசி பார்த்து ஏற்றிக்கொள்ளுங்கள்.

முந்தைய நாள் காலை

ஃப்ரிட்ஜைக் காலி செய்யுங்கள். பெரிய பாத்திரம் உள்ளே போக ஓர் அடுக்கு முழுக்க வேண்டும். அடைத்து வைத்தால் குளிர்காற்று சுற்றாது. ஃப்ரிட்ஜ் 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும்.

கொண்டைக்கடலையைக் கழுவி, மூழ்கி மேலும் நாலு விரல் நிற்குமளவு தண்ணீர் விட்டு, ஒரு தேக்கரண்டி உப்பும் போட்டு ஊறவையுங்கள். உப்புப் போட்டால் வேகாது என்று சொல்வார்கள். உண்மை அதற்கு நேர்மாறு. உப்புத் தண்ணீரில் ஊறினால் தோல்தான் மிருதுவாகும். வேகாமல் அடம்பிடிக்க வைப்பது புளிப்பு. தக்காளி, எலுமிச்சை எதுவானாலும் கடலை நன்றாக வெந்த பிறகே சேருங்கள். எட்டு மணி நேரமாவது ஊறட்டும்.

கொண்டைக்கடலைக்குப் பதில் சிவப்பு ராஜ்மா போடுகிறீர்கள் என்றால் ஓர் எச்சரிக்கை. அரைவேக்காட்டு ராஜ்மா கடுமையான வாந்தியைக் கொண்டுவரும், அதில் லெக்டின் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்கவிட்டே வேகவைக்க வேண்டும். ஸ்லோ குக்கரின் இளஞ்சூடு மட்டும் போதாது.

கோழியைக் கழுவத் தேவையில்லை. கழுவும்போது தெறிக்கும் நீரில் கிருமி தொட்டி, மேடை, பக்கத்தில் இருக்கும் பாத்திரம் என்று எல்லா இடத்திலும் பரவும். சமைக்கும் சூட்டில்தான் கிருமி சாகிறது. கழுவாமல் மனசு கேட்கவில்லை என்றால் குழாயை வேகமாகத் திறக்காமல் ஒரு பாத்திரத் தண்ணீரில் மெதுவாக அலசிவிட்டு, தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுங்கள். துண்டுகளில் நெஞ்சுக்கறியைவிடத் தொடையும் காலும் அதிகமாக இருக்கட்டும். நெஞ்சுக்கறி இரண்டாவது முறை சூடாகும்போது வறண்டு நார்நாராகிவிடும். ஈரத்தைத் துடைத்து, இரண்டரைத் தேக்கரண்டிப் பொடியுப்பு, அதாவது சுமார் 15 கிராம் தடவி, மூடி, ஃப்ரிட்ஜில் வையுங்கள். மாலைக்குள் உப்பு உள்ளே இறங்கிவிடும்.

முந்தைய நாள் மாலை: குழம்பு

ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். பாட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். நாளைக்கு இந்த நிதானம் கிடைக்காது.

அடிகனமான அகலச் சட்டியில் நாலு மேசைக்கரண்டி எண்ணெய். நன்றாகச் சூடானதும் கோழித் துண்டுகளை ஒன்றை ஒன்று தொடாமல் போடுங்கள். மூன்று தவணையாகப் போட வேண்டியிருக்கும். ஒரே தடவையில் கொட்டினால் கோழி விடும் தண்ணீர் ஆவியாகப் போக இடமில்லாமல், வறுபடாமல் அவிந்துவிடும். தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. அந்தப் பொன்னிறமும் வாசனையும் வர 140 டிகிரியாவது வேண்டும். போட்ட பிறகு நாலைந்து நிமிடம் கரண்டியால் தொடாதீர்கள். சிவந்ததும் தானாகவே சட்டியை விட்டுக் கழன்று வரும். இழுத்தால் ஒட்டுகிறது என்றால் இன்னும் நேரமாகவில்லை என்று அர்த்தம். சிவந்தவற்றை ஒரு தட்டில் எடுத்து வையுங்கள். இந்த நிலையில் உள்ளே பச்சையாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

அதே சட்டியில் அரைக் கிலோ வெங்காயம், மெல்லிய நீள நறுக்கு, ஒரு சிட்டிகை உப்பு. சமையல் குறிப்புகளில் “வெங்காயம் பொன்னிறமாகும்வரை ஐந்து நிமிடம் வதக்கவும்” என்று போட்டிருப்பார்கள். ஐந்து நிமிடத்தில் வெங்காயத்துக்கு வியர்க்கத்தான் செய்யும். இந்த அளவுக்கு 25 நிமிடம் ஆகும், அதில் பெரும்பகுதி நடுத்தரத் தீயில். காதால் கேட்டே பதம் சொல்லலாம். முதல் பத்து நிமிடம் சளசளவென்று ஈரமான சத்தம் வரும், வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆகும். தண்ணீர் வற்றியதும் சத்தம் மாறும், பொறுபொறுவென்று எண்ணெயின் சத்தம் கேட்கும். அப்போதிலிருந்து பக்கத்திலேயே நில்லுங்கள். ஓரங்கள் முதலில் பழுப்பாகும். சட்டியின் அடியில் பழுப்பாகப் படிந்ததை விடாதீர்கள், கோழியும் வெங்காயமும் சேர்ந்து விட்டுவைத்த ருசி அதுதான். இரண்டு கரண்டித் தண்ணீர் தெளித்து, மரக்கரண்டியால் சுரண்டினால் அத்தனையும் வெங்காயத்தோடு சேர்ந்துகொள்ளும். கறுத்துப் படிந்திருந்தால் மட்டும் சுரண்ட வேண்டாம், கசக்கும்.

பத்துப் பல் பூண்டு, இரண்டு விரல் நீள இஞ்சி தட்டிப் போட்டு ஒரு நிமிடம். மசாலா உங்கள் கைப்பக்குவம். மிளகும் சீரகமும் மட்டும் போட்டாலே குழந்தைகளும் சாப்பிடுவார்கள். காரம் வேண்டுபவர்களுக்குத் தனியாக ஒரு கிண்ணத்தில் வைத்துவிடலாம். பிறகு அரைக் கிலோ தக்காளி. அது கரைந்து, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கும்வரை வதக்குங்கள், பதினைந்து நிமிடம் ஆகும். எடுத்து வைத்த கோழியைத் தட்டில் இறங்கிய சாறோடு சேர்த்து, இரண்டு கப் வெந்நீர் ஊற்றி, மூடி, சிம்மில் 30 நிமிடம். கொதி தளதளவென்று இருக்கக் கூடாது, அங்கங்கே ஒரு குமிழி வந்தால் போதும். துண்டின் நடுவில் 74 டிகிரி எட்டியிருக்க வேண்டும். சமையல் வெப்பமானி ஒன்று வாங்கிவிட்டால் “வெந்திருக்குமா, வெந்திருக்குமா” என்ற தவிப்பு போய்விடும். என் அடுப்படியில் மிக்சிக்கு அடுத்தபடி உருப்படியான சாமான் அது.

உருளைக்கிழங்கு போடுவதாக இருந்தால் இன்று போடாதீர்கள். மறுநாள் சூடாக்கும்போது கரைந்து குழம்பெல்லாம் மாவாகும். நாளைக்குத் தனியாக வேகவைத்துச் சேர்க்கலாம்.

இனி ஆறவைப்பது. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 5 முதல் 60 டிகிரிவரை கிருமிகள் வேகமாகப் பெருகும் சூடு. ஆழமான சட்டியை அப்படியே ஃப்ரிட்ஜில் தூக்கி வைத்தால் நடுப்பகுதி பல மணி நேரம் அந்தச் சூட்டிலேயே கிடக்கும், பக்கத்தில் இருக்கும் பாலும் சேர்ந்து சூடாகும். ராத்திரி முழுக்க மேடையில் விடுவது அதைவிட மோசம். அகலமான தட்டையான டப்பாக்களில் நாலைந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் ஊற்றுங்கள். ஆவி அடங்கியதும் மூடி உள்ளே வையுங்கள். சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும், அறை 32 டிகிரிக்கு மேல் புழுங்கினால் ஒரு மணி நேரத்துக்குள்.

குழம்பு சிம்மில் இருக்கும் அரை மணி நேரத்தில் கடலையைக் குக்கரில் வைத்துவிடலாம். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர், குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. பயறு வகைகள் நுரைத்து ஆவி போகும் துளையை அடைத்துக்கொள்ளும். விரலால் நசுக்கினால் வெண்ணெயாக மசிய வேண்டும். அதையும் ஆறவைத்து உள்ளே வையுங்கள். கீரை நாளைக்கு.

அன்றைய அட்டவணை, பின்னாலிருந்து

ஒரு தாளில் சாப்பிடும் நேரத்தை அடியில் எழுதி, அங்கிருந்து மேலே போங்கள். எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். மனக்கணக்கு மணி அடித்ததும் மறந்துபோகும்.

8.15க்குச் சாப்பாடு. 7.30க்கு மணி அடிக்கும், யாராவது ஒருவர் 7.10க்கே வந்துவிடுவார். சோறு 7.30க்குள் வடித்து மூடியிருக்க வேண்டும், ஆகவே 6.50க்கு உலை. குழம்பு 7 மணிக்கு அடுப்பில். குளித்து உடை மாற்ற 6.15 முதல் 6.45 வரை. இதை அட்டவணையில் எழுதாவிட்டால் குளிக்க முடியாது, அனுபவத்தில் சொல்கிறேன். 5.30க்குக் கடலையும் கீரையும்: எண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டு, வெந்த கடலை, ஒரு கரண்டி வெந்த தண்ணீர், கீரை, ஐந்து நிமிடத்தில் முடிந்தது. பரிமாறும் முன் மறுபடி நன்றாகச் சூடாக்கி எலுமிச்சை பிழிந்தால் போதும். உருளைக்கிழங்கு அதே நேரத்தில் இன்னோர் அடுப்பில், பச்சைத் தண்ணீரில் போட்டு, தண்ணீரோடு சேர்ந்தே சூடாகும்படி. கொதிக்கிற தண்ணீரில் போட்டால் வெளியே குழைந்து உள்ளே கடுக்கென்று இருக்கும். 5 மணிக்கு மேசை, தட்டு, டம்ளர், தண்ணீர் ஜாடி. 4.30க்குப் பழம், வெள்ளரிக்காய் நறுக்கு.

பழத்தில் ஆப்பிளும் பேரிக்காயும் நறுக்கியதும் கறுக்கும். எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் முக்கி எடுத்தால் தாக்குப்பிடிக்கும். ஆரஞ்சு, மாதுளை, தர்பூசணிக்கு அந்தத் தொல்லை இல்லை, ஆனால் நறுக்கிய தர்பூசணி ஃப்ரிட்ஜில்தான் இருக்க வேண்டும்.

மணி அடிப்பதற்கு முன்னால் கடைசி வேலை ஒன்று இருக்கிறது. பாத்திரத் தொட்டியையும் குப்பைக் கூடையையும் காலி செய்துவிடுங்கள். தொட்டி நிறைந்திருக்கும்போது விருந்து ஆரம்பித்தால், சாப்பிட்ட தட்டுகள் மேடையில் குவிந்து அடுப்படிக்குள் நுழையவே மனம் வராது.

சோறு

முதல்முறை நான் தோற்ற இடம் இது. நாலு பேருக்கு வைக்கும் பாத்திரத்தில் எட்டுப் பேருக்கு வைத்து, அரிசியும் இரண்டு மடங்கு, தண்ணீரும் இரண்டு மடங்கு என்று ஊற்றினேன். உயரமான அடுக்கில் அடிப்பகுதி மட்டும் சூட்டை வாங்கிக்கொண்டு தீய்ந்தது, மேல்பகுதிக்குச் சூடு ஏறவே இல்லை. நிறையப் பேருக்கு என்றால் நிறையத் தண்ணீரில் வேகவிட்டு வடிப்பதே பத்திரமான வழி, தண்ணீர்க் கணக்கே வேண்டாம்.

700 கிராம் அரிசியை மூன்று தண்ணீரில் கழுவி அரை மணி நேரம் ஊறவையுங்கள். பெரிய பாத்திரத்தில் ஐந்து லிட்டர் தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி உப்பு. இவ்வளவு தண்ணீர் கொதிக்க 20 நிமிடம்கூட ஆகலாம் என்பதால்தான் 6.50. தளதளவென்று கொதித்ததும் அரிசியைப் போட்டு ஒரு தரம் கிளறுங்கள். ஊறிய நீள அரிசி என்றால் ஏழாவது நிமிடத்திலிருந்து ஒவ்வொரு பருக்கையாக எடுத்துக் கிள்ளிப் பாருங்கள். விரலுக்கு நடுவே மசிந்து, நடுவில் ஊசிமுனையளவு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் உடனே வடிகட்டியில் கொட்டுங்கள். குண்டரிசிக்கு இன்னும் அதிக நேரம் பிடிக்கும், கடிகாரத்தைவிடப் பருக்கையை நம்புங்கள். வடிந்ததும் அதே சூடான பாத்திரத்தில் போட்டு, ஒரு கரண்டி எண்ணெயோ வெண்ணெயோ விட்டு, மூடிக்கு அடியில் சுத்தமான துணியைக் கட்டி மூடுங்கள். மீதி வேக்காட்டை உள்ளிருக்கும் ஆவி பார்த்துக்கொள்ளும், மூடியில் சேரும் நீர் சொட்டாமல் துணி வாங்கிக்கொள்ளும். பாத்திரத்தைத் தடித்த துண்டால் சுற்றி வைத்தால் முக்கால் மணி நேரம் கழித்தும் ஆவி பறக்கும், பொலபொலவென்றும் இருக்கும்.

வந்த பிறகு

வந்தவர்கள் கையில் உடனே தண்ணீரோ பழச்சாறோ, கொறிக்க ஏதாவது ஒன்று. ஒன்றுதான். நாலு வகை வைத்தால் அதிலேயே வயிறு நிறைந்துவிடும், நேற்று நீங்கள் பட்ட பாடு வீண். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருந்தால் முழுப் பருப்பு வகைகளை எட்டாமல் வையுங்கள். திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்கிக் கொடுங்கள், முழுசாக இருந்தால் தொண்டையை அடைக்கும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கலந்த எதுவும் வேண்டாம்.

“எதாவது செய்யட்டுமா?” என்று கேட்பார்கள். “அய்யய்யோ, நீங்க உட்காருங்க” என்று சொல்லிவிட்டு ஐந்து நிமிடத்தில் தனியாகத் தவிப்பது நம் எல்லோருக்கும் பழக்கம். எனக்கு மட்டும் இப்போது அந்தக் கூச்சம் போய்விட்டது. தண்ணீர் ஊற்றுவது, தயிரில் வெள்ளரிக்காயைக் கலப்பது, சோற்றைத் தட்டில் மாற்றுவது என்று மூன்று சின்ன வேலைகளைக் கைவசம் வைத்திருப்பேன். புதிதாக வந்தவருக்குக் கையில் ஒரு வேலை கிடைத்தால் கூச்சமும் தெளிந்துவிடும். வெள்ளரிக்காய்த் தயிரைக் கடைசியில்தான் கலக்க வேண்டும் என்பதும் வசதியாகப் போயிற்று. உப்புப் பட்டதும் வெள்ளரிக்காய் தண்ணீர் விட்டுவிடும், முன்னாலேயே கலந்தால் தயிர் மோராகும்.

அவரவர் எடுத்துப் போட்டுக்கொள்வதுதான் எளிது. மேசையைச் சுவரை விட்டு நகர்த்தி இரண்டு பக்கமும் வழி விடுங்கள். தட்டு முதலில், பிறகு சோறு, குழம்பு, மற்றவை. கரண்டியும் கைத்துடைப்பானும் கடைசியில், இல்லாவிட்டால் மூன்றாவது கை வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொண்டுவந்து குவிக்காமல் பாதியை அடுப்பில் சூடாகவே வைத்து நிரப்பிக்கொண்டிருங்கள். மேசையில் ஆறிக் கிடக்கும் நேரம் குறையும்.

ஏதாவது சொதப்பினால்

உப்பு கரித்தால் உருளைக்கிழங்கைப் போட்டு எடுத்தால் உறிஞ்சிவிடும் என்பார்கள். உருளைக்கிழங்கு உப்பை மட்டும் பொறுக்கி இழுக்காது, உப்புத் தண்ணீரைத்தான் குடிக்கும். மிச்சத் தண்ணீர் அதே கரிப்போடு இருக்கும். உண்மையான வழி அளவைக் கூட்டுவதுதான். உப்பில்லாத வெந்த கிழங்கு, தக்காளி, வெந்நீர் எதையாவது சேர்த்து உள்ளேயே விட்டுவிடுங்கள். காரம் ஏறிவிட்டால் தண்ணீரால் பயனில்லை. பால், தயிர், வெண்ணெய்தான் காரத்தை அடக்கும். தயிரைச் சேர்ப்பதானால் அடுப்பை அணைத்து, கொஞ்சம் சூடான குழம்பைத் தயிரில் கலந்து பழக்கிவிட்டு ஊற்றுங்கள், திரியாது.

அடிபிடித்த வாடை வந்தால் கரண்டியை உள்ளே விடாதீர்கள். மேலாக இருப்பதை வேறு பாத்திரத்துக்குச் சாய்த்து ஊற்றி ருசி பாருங்கள். பெரும்பாலும் தப்பித்துவிடும். கிளறினால் எல்லாம் போச்சு.

சொல்லாமல் இரண்டு பேர் கூட வந்தால் முட்டை. கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிடம், உடனே குளிர்ந்த நீரில், உரித்துக் குழம்பில் போட்டுவிடலாம். இதற்காகவே ஒரு டஜன் முட்டையும் ஒரு பாக்கெட் ரொட்டியும் எப்போதும் வைத்திருப்பேன்.

கை சுட்டுக்கொண்டால் ஐஸும் பற்பசையும் வேண்டாம், குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். விருந்து காத்திருக்கும். எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, மூடியைப் போட்டு மூடி, தொடாமல் விட்டுவிடுங்கள்.

மிச்சம்

எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போதே சோற்றை மட்டும் முதலில் கவனியுங்கள். அரிசியில் இருக்கும் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்து நச்சை உண்டாக்கும், அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. மிஞ்சிய சோற்றைத் தட்டில் பரப்பி ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாளே தீர்த்துவிடுங்கள். சூடாக்குவது ஒரே தடவை, ஆவி பறக்க.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேசையில் இருந்த குழம்பை யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். அடுப்பில் சூடாகவே இருந்த பாதியை ஆறவைத்து உள்ளே வைத்தால் மூன்று நாள் வரும், ஃப்ரீசரில் அதைவிட நெடுநாள். டப்பாவின் மேல் தேதியை எழுதி ஒட்டுங்கள். எழுதாமல் வைத்த டப்பா எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது. அது என்ன குழம்பு, எந்த விருந்தில் மிஞ்சியது என்பது பற்றி ஆளுக்கொரு கருத்து, திறந்து பார்க்கத்தான் யாரும் தயாரில்லை.